ஒரே மவுத் ஆர்கனில் 5 கட்டைப் பாட்டும் 2 கட்டைப் பாட்டும்: பொசிஷன் மாற்றி வாசிப்பது எப்படி?

கோபிப் பக்கத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள். கையில் பத்துத் துளை சி மவுத் ஆர்கன் ஒன்று இருக்கிறது. நான்காம் துளையிலிருந்து ஏழாம் துளை வரை பாட்டு நன்றாக வருகிறது. ஆனால் ஊர் பஜனையில் பாடும் அம்மா 5 கட்டையில் பாடுகிறார் (கட்டை என்பது பாட்டின் ஸ எந்தச் சுருதியில் நிற்கிறது என்பதன் எண், 1 கட்டை என்றால் சி, 5 கட்டை என்றால் ஜி), கூட வாசித்தால் ஒட்டவே மாட்டேன் என்கிறது. கீபோர்டு வாசிக்கிற தம்பி, "செகண்ட் பொசிஷன்ல வாசிங்கண்ணா, சரியா வருமுங்க" என்கிறார். பொசிஷன் என்றால் அதே ஆர்கனில் ஸ-வை வேறு துளைக்கு மாற்றி வைத்து வாசிப்பது. அதைப் பற்றித் தேடினால் கிடைப்பதெல்லாம் அமெரிக்க ப்ளூஸ் இசைப் பாடங்கள். நம் பாட்டுக்கு அது ஆகுமா, இல்லை பன்னிரண்டு கட்டைக்கும் பன்னிரண்டு ஆர்கன் வாங்க வேண்டுமா என்பது உங்கள் கேள்வி.

பன்னிரண்டு வேண்டாங்க. இருக்கிற ஒன்றிலேயே அந்த அம்மாவுக்கு வாசிக்கலாம். அதற்குப் புதிதாக எதையும் மனப்பாடம் செய்வதைவிட, ஸ எங்கே நிற்கிறது என்பதைக் காதுக்கு மாற்றிச் சொல்லித் தருவதுதான் பெரிய வேலை. நம் சங்கீதத்தில் கிரக பேதம் என்கிறோமே, அதே சங்கதி. துளைகள் மாறுவதில்லை, ஸ்வரங்கள் மாறுவதில்லை, எந்த ஸ்வரத்தை ஸ என்று வைத்துக்கொள்கிறோம் என்பது மட்டும் மாறுகிறது. அது மாறினால் ராகமே மாறிவிடும்.

முதலில் உங்கள் ஆர்கனில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். 1 கட்டையை ஸ என்று வைத்தால், ஒன்றாம் துளையிலிருந்து பத்து வரை ஊதும்போது வருவது: ஸ க ப, ஸ க ப, ஸ க ப, ஸ. இழுக்கும்போது வருவது: ரி ப நி ரி ம த நி ரி ம த. எல்லாம் சங்கராபரண ஸ்வரங்கள். இதில் இரண்டு விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். கீழ் ஸ்தாயியில், அதாவது 1 முதல் 4 வரை, ம-வும் த-வும் இல்லை. அதனால்தான் நீங்கள் 4-ஐத் தாண்டிக் கீழே இறங்கினால் பாட்டு பாதியில் நின்றுவிடுகிறது. அடுத்தது, 6 வரை இழுக்கிற ஸ்வரம் ஊதுகிற ஸ்வரத்தைவிட மேலே இருக்கும், 7-லிருந்து தலைகீழாகி இழுப்பது கீழே, ஊதுவது மேலே. ஏழாம் துளையில் எல்லோரும் ஒருமுறையாவது தடுமாறுவது இதனால்தான்.

பொசிஷன் எண்ணுவது ஸ-விலிருந்து ப, அந்த ப-வை ஸ ஆக்கி அதன் ப, இப்படியே ஏறிக்கொண்டு போவது. ஸ, ப, ரி, த, க, நி என்று வரும். உங்கள் சி ஆர்கனில் முதல் பொசிஷன் 1 கட்டை, இரண்டாவது 5 கட்டை, மூன்றாவது 2 கட்டை, நான்காவது 6 கட்டை, ஐந்தாவது 3 கட்டை, ஆறாவது 7 கட்டை. எதிர்ப்பக்கமாக ஒரு படி இறங்கினால் ம கிடைக்கும், அது 4 கட்டை, சுற்றி வந்து அதைப் பன்னிரண்டாவது என்று எண்ணுகிறார்கள். நடுவில் உள்ள 7 முதல் 11 வரையானவற்றுக்கு ஸ-வே இயல்பாக எந்தத் துளையிலும் இருக்காது. அவற்றை இப்போதைக்கு மறந்துவிடுங்கள்.

இனி ராகம். எந்த ஸ்வரத்தையும் வளைக்காமல் (வாய்க்குள் இடத்தை மாற்றி ஸ்வரத்தைக் கீழே இறக்காமல்), இருக்கிறது இருக்கிறபடி வாசித்தால், முதல் பொசிஷன் சங்கராபரணம், இரண்டாவது ஹரிகாம்போதி, மூன்றாவது கரஹரப்ரியா, நான்காவது நடபைரவி, ஐந்தாவது தோடி, பன்னிரண்டாவது கல்யாணி. ஆறாவதில் சரியான பஞ்சமம் இல்லை, அதனால் அது நமக்கு உதவாது. ஆறு மேளகர்த்தா (தாய் ராகம்) ஒரு கைப்பிடிக்குள் அடங்கியிருக்கிறது என்று நினைக்கும்போது எனக்கு இன்னும் மனசு நிறைந்துபோகிறது. நம் பழைய பண்ணிசையில் ஏழ்பெரும்பாலை (ஏழு தாய் ராக அமைப்புகள்) என்று சொல்லி, குரல் என்ற ஆதார ஸ்வரத்தை இடம் மாற்றி மாற்றி ஒரு பாலையிலிருந்து அடுத்ததைப் பிறப்பித்தது இதே கணக்குதான். அதில் முதலாவதான செம்பாலையை ஹரிகாம்போதி என்று ஆய்வாளர்களில் பெரும்பாலோர் கொள்கிறார்கள். ஆக, மேற்கில் இரண்டாவது என்று எண்ணுகிற இடம் நம் கணக்கில் முதல் இடமாக இருக்கிறது.

தேடினால் ப்ளூஸாகவே கிடைப்பதற்கும் காரணம் உண்டு. ஜெர்மனியின் ட்ராசிங்கனில் மத்தியாஸ் ஹோனர் 1857-ல் ஆர்கன் செய்யத் தொடங்கினார். அந்தக் கம்பெனியின் மரைன் பேண்ட் 1896-ல் வந்தது. அந்த ஊர் நாட்டுப்பாட்டை முதல் பொசிஷனில் வாசிப்பதற்கென்று அமைத்த கருவி அது. அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர்கள்தான் அதைத் திருப்பிப் போட்டு, இழுக்கிற பக்கத்தில் ஸ-வை வைத்து, இரண்டாவது பொசிஷனைத் தங்கள் குரலாகவே ஆக்கிக்கொண்டார்கள். இழுக்கிற ஸ்வரத்தை வாய்க்குள் வளைத்து அழவைக்க முடியும் என்பதைக் கண்டு முழுமைப்படுத்தியவர்கள் அவர்கள். ப்ளூஸ் ஆர்கன் கலைஞர் லிட்டில் வால்டர் மூன்றாவது பொசிஷனில் வாசித்தவற்றைக் கேட்டால், அந்தச் சோகம் நம் காதுக்கு அன்னியமாகவே இருக்காது. ஸ்வரத்துக்கு ஸ்வரம் தாவாமல் வழுக்கிக்கொண்டு போகிற இசை நம்முடையதும்தானே. எனவே ப்ளூஸ் பாடங்களைத் தள்ளிவிடாதீர்கள். அதில் ராகம் வேறு, ஆனால் வாய்க்குள் செய்கிற வேலை அத்தனையும் நமக்கும் வேண்டும்.

சரி, எங்கே தொடங்குவது? பெரும்பாலான பாடங்கள் இரண்டாவதைத்தான் அடுத்துச் சொல்லும். நான் மூன்றாவதை முதலில் எடுக்கச் சொல்வேன். ஃபோனில் சுருதிப் பெட்டியை 2 கட்டையில் வையுங்கள். 4 இழு, 5 ஊது, 5 இழு, 6 ஊது, 6 இழு, 7 இழு, 7 ஊது, 8 இழு. எதையும் வளைக்காமல் முழு கரஹரப்ரியா வந்துவிட்டது. நீங்கள் இத்தனை நாள் வாசித்த அதே துளைகள்தான், ஒரே ஒரு மூச்சு தள்ளித் தொடங்கி ஒரு மூச்சு தள்ளி முடிகிறது. ஆனால் முதல் நாள் காது ஏமாற்றும். 4 ஊது வந்தவுடன் "வீடு வந்துவிட்டது" என்று பழைய பழக்கம் சொல்லும். சுருதி 2 கட்டையில் ஓடிக்கொண்டே இருந்தால், அது இப்போது வெறும் கைசிகி நிஷாதம்தான் (தாழ்ந்த நி) என்று மெதுவாகப் புரியும். சுருதி இல்லாமல் பொசிஷன் பழகுவது வீண். துளை எண்களைப் பார்த்து வாசித்தால் விரல் கணக்குதான் வளரும், ராகம் வராது. ஒவ்வொரு ஸ்வரத்தையும் முதலில் வாயால் பாடுங்கள், பிறகு ஊதுங்கள்.

இதற்கு அடுத்துச் செய்ய வேண்டியதைத்தான் இந்தப் பதிலிலேயே முக்கியமானதாக நினைக்கிறேன். மோகனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 4 ஊது, 4 இழு, 5 ஊது, 6 ஊது, 6 இழு, 7 ஊது. 5 இழுவையும் 7 இழுவையும் தொடவே இல்லை. இதே ஐந்து ஸ்வரங்களை மேலே பத்தாம் துளை வரை நீட்டிக்கொண்டு, சுருதியை மட்டும் மாற்றிக்கொண்டே போங்கள்.

சுருதி 2 கட்டை: 4 இழுவிலிருந்து 8 இழு வரை. மத்தியமாவதி.
சுருதி 3 கட்டை: 5 ஊதுவிலிருந்து 8 ஊது வரை. ஹிந்தோளம்.
சுருதி 5 கட்டை: 6 ஊதுவிலிருந்து 9 ஊது வரை. சுத்த சாவேரி.
சுருதி 6 கட்டை: 6 இழுவிலிருந்து 10 இழு வரை. சுத்த தன்யாசி.

ஒரே துளைகள், ஐந்து ராகங்கள். மோகனத்தில் சிரித்த அதே 5 ஊது, ஹிந்தோளத்தில் ஸ-வாக நின்று வேறு முகம் காட்டும். ஒரு ராகத்துக்குக் குறைந்தது ஒரு வாரமாவது கொடுங்கள். அவசரப்பட்டு ஒரே நாளில் ஐந்தையும் சுற்றினால் ஐந்தும் மோகனம் போலவே கேட்கும். வாரம் முழுக்க மத்தியமாவதியிலேயே இருந்து, காலையில் எழுந்ததும் 4 இழுவை எடுத்தால் அது ஸ-வாகவே காதில் விழ வேண்டும். அப்போதுதான் அந்தப் பொசிஷன் உங்களுக்குச் சொந்தம்.

இப்போது உங்கள் பஜனை அம்மாவிடம் வருவோம். 5 கட்டை, உங்கள் சி ஆர்கன், இரண்டாவது பொசிஷன். இதற்கு இரண்டு இடங்கள் இருக்கின்றன.

மேல் இடம் சுலபம். 6 ஊது, 6 இழு, 7 இழு, 7 ஊது, 8 இழு, 8 ஊது, 9 இழு, 9 ஊது. வளைக்காமலே ஹரிகாம்போதி முழுதாக வரும். இதில் ம-வையும் நி-யையும் விட்டுவிட்டால் 5 கட்டை மோகனம். வருகிற சனிக்கிழமை பஜனைக்கே இதை வாசிக்கலாம். ஆனால் சத்தம் மெல்லியதாக, விசில் போல இருக்கும். பாடுகிறவர் குரலுக்கு மேலே ஏறி நிற்கும். ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் இடையே நிரப்புவதற்கு நல்லது, கூடவே வாசிக்க அவ்வளவு பொருந்தாது.

கீழ் இடம்தான் இரண்டாவது பொசிஷனின் உயிர். ஸ 2 இழுவில் இருக்கிறது. அதற்கும் கீழே 1 இழுவில் மந்த்ர (கீழ் ஸ்தாயி) பஞ்சமம், 2 ஊதுவில் மந்த்ர தைவதம். மேலே போனால் க 3 இழு, ம 4 ஊது, ப 4 இழு, த 5 ஊது, நி 5 இழு, மேல் ஸ 6 ஊது. குறைவது ரி ஒன்றுதான். அது மூன்றாம் துளையில் இழுத்து, வளைத்து எடுக்க வேண்டியது. மந்த்ர நிஷாதத்தையும் 2 இழுவை முழுதாக வளைத்துத்தான் எடுக்க முடியும். கஷ்டம்தான். ஆனால் கிடைப்பதைப் பாருங்கள்: ஸ-விலிருந்து நி-க்கு இறங்கித் திரும்ப ஸ-வுக்கு ஏறுவது ஒரே துளையில், ஒரே மூச்சில், வழுக்கிக்கொண்டு. ரி-யிலிருந்து க-வுக்கு ஏறுவதும் அப்படியே. கீபோர்டில் வராத அசைவு இது. இதற்காகவே வளைப்பது பழக வேண்டும்.

வளைப்பது எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் பழகுவது சுலபம். ஒரு துளைக்குள் ஊதும் ரீடு (அதிர்ந்து ஒலி தரும் மெல்லிய உலோகத் தகடு) ஒன்று, இழுக்கும் ரீடு ஒன்று, இரண்டும் ஒரே அறையில் இருக்கின்றன. வாய்க்குள் இருக்கும் இடத்தின் அளவை மாற்றும்போது, மேலே உள்ள ஸ்வரத்தின் ரீடு அடங்க, மற்ற ரீடும் சேர்ந்து பேசத் தொடங்குகிறது. அதனால் இரண்டு ஸ்வரங்களுக்கும் நடுவே என்ன இருக்கிறதோ அதுவரைதான் வளையும். மூன்றாம் துளையில் ப-வும் நி-யும். நடுவே கைசிகி நி, சதுச்ருதி (உயர்ந்த) த, சுத்த (தாழ்ந்த) த என்று மூன்று. இரண்டாம் துளையில் க-வும் ப-வும். நடுவே பிரதி (உயர்ந்த) ம, சுத்த (தாழ்ந்த) ம என்று இரண்டு. 1, 4, 6-ஆம் துளைகளில் நடுவே ஒன்றே ஒன்று. ஐந்தாம் துளையில் க-வும் ம-வும் ஒட்டிக்கொண்டு இருப்பதால் எதுவும் இல்லை. ஆகவே 5 இழுவை வளைக்க மல்லுக்கட்டாதீர்கள். 8-லிருந்து மேலே, ஊதும்போதுதான் வளையும். (இங்கே நான் சொன்ன ஸ்வரப் பெயர்கள் 1 கட்டையை ஸ-வாக வைத்தவை. 5 கட்டைக்கு வந்தால் அந்த மூன்றாம் துளைச் சதுச்ருதி த-தான் உங்களுக்கு வேண்டிய ரி.)

கடைகளில் அதிகமாகக் கிடைக்கிற 24 துளை ட்ரெமோலோ ஆர்கனில் இந்த வேலை நடக்காது. அதில் ஒரு துளைக்கு ஒரு ரீடுதான், ஒரு ஸ்வரத்துக்குக் கொஞ்சம் சுருதி தள்ளி வைத்த இரண்டு ரீடு. அலையலையாக இனிமையாக இருக்கும், ஆனால் வளைக்க முடியாது. உங்களிடம் பத்துத் துளை இருப்பது நல்லதாகப் போயிற்று.

பழக்கத்துக்கு 4 இழுவில் தொடங்குங்கள். "ஈ" சொல்லுகிற வாயோடு மெதுவாக இழுத்து, மூச்சின் வேகத்தைக் கூட்டாமல், நாக்கின் பின்பகுதியைப் பின்னுக்குக் கொண்டுபோய் "ஊ" பக்கம் நகருங்கள். உதடும் தாடையும் இறுகக் கூடாது. பலம் போட்டு உறிஞ்சுகிறவர்களுக்கு ரீடுதான் கெட்டுப்போகும். 4 வந்த பிறகு 1, 6. அதற்குப் பிறகு 2. கடைசியாக 3. மூன்றாம் துளையில் நடுவில் போய் அசையாமல் நிற்பதுதான் மிகக் கடினம், மாதக் கணக்கில் ஆகலாம். உங்கள் கீபோர்டு தம்பியை 6 கட்டை ஸ்வரத்தை அமுக்கிப் பிடிக்கச் சொல்லி, அதனோடு ஒட்டும் வரை வைத்துப் பாருங்கள். இங்கேதான் ரொம்பப் பேர் ரி-யைக் கொஞ்சம் மேலேயே விட்டுவிடுகிறார்கள். நம் காது சுருதிக்குப் பழகிய காது, உடனே குத்தும்.

எந்தப் பாட்டுக்கு எந்தப் பொசிஷன் என்று முடிவு செய்ய, பாட்டின் க, ம, த, நி நான்கையும் பார்த்தால் பெரும்பாலும் போதும். அந்தர (உயர்ந்த) காந்தாரமும் கைசிகி நிஷாதமும் என்றால் இரண்டாவது. சாதாரண காந்தாரம் (தாழ்ந்த க), சதுச்ருதி தைவதம், கைசிகி நிஷாதம் என்றால் மூன்றாவது. காந்தாரம் அதே, தைவதம் மட்டும் சுத்தம் என்றால் நான்காவது, கூடவே ரி-யும் சுத்தம் என்றால் ஐந்தாவது. காகலி (உயர்ந்த) நிஷாதம் வந்தால் சுத்த மத்தியமத்துக்கு முதல் பொசிஷன், பிரதி மத்தியமத்துக்குப் பன்னிரண்டாவது. அந்த அம்மா 5 கட்டையில் சங்கராபரணம் பாடினால் உங்கள் சி ஆர்கனில் நிஷாதம் உதைக்கும், அங்கே வேறு ஆர்கன் எடுத்தே ஆக வேண்டும்.

தோடி பற்றி ஒரு வார்த்தை. மேலே 5 ஊதுவிலிருந்து 8 ஊது வரை வாசித்தால் தோடியின் ஸ்வரங்கள் வரும், தோடி வராது. அதன் காந்தாரம் அசைய வேண்டும், 6 ஊது அசையாது. ஆனால் கீழே 2 ஊதுவை ஸ-வாக வைத்தால், இழுக்கிற பக்கத்தில் முழுதாக வளைத்தது ரி, வளைக்காதது க. இரண்டும் ஒரே துளையில். அங்கே காந்தாரத்தை அசைக்க வழி இருக்கிறது. பல வருஷ உழைப்பு கேட்கிற இடம். ஆனாலும் அந்த வாசல் திறந்துதான் இருக்கிறது என்பதைச் சொல்லிவைக்க ஆசைப்பட்டேன்.

இன்னும் ஒரு வசதி, ஸ்வரங்களைச் சேர்த்து வாசிப்பது. 1 முதல் 4 வரை ஒன்றாக இழுத்தால் 5 கட்டைக்கு ப ஸ க ப. 4, 5, 6 மூன்றையும் ஒன்றாக இழுத்தால் 2 கட்டைக்கு ஸ க ப, சாதாரண காந்தாரத்தோடு. தாளத்துக்கு விட்டுவிட்டு இழுத்தால் பஜனைக்கு நன்றாகத் துணை நிற்கும். நான்காவது, ஐந்தாவது பொசிஷனில் இப்படி ஸ்வரக்கூட்டு கிடைப்பதில்லை, அங்கே தனி ஸ்வரம் மட்டும்தான்.

வள்ளி கும்மிக்கும் ஒயிலுக்கும் வாசிக்க ஆசை என்று கடைசியில் எழுதியிருந்தீர்கள். தாராளமாக. அங்கே யாரும் கட்டை பார்த்துப் பாட்டை எடுப்பதில்லை, ஆசிரியர் எடுத்த சுருதிதான் சுருதி. முதல் வரியைக் கேட்டு ஸ-வை முணுமுணுத்துக்கொண்டே உங்கள் ஆர்கனில் தேடுங்கள். எந்தத் துளையில் ஒட்டுகிறதோ அதிலிருந்து பொசிஷன் தெரிந்துவிடும். நான் கேட்டவரை மெட்டுகள் ஐந்தாறு ஸ்வரங்களுக்குள்ளேயே சுற்றுகின்றன, அதனால் மேலே சொன்ன ஐந்து ராகப் பயிற்சி அப்படியே கைகொடுக்கும். இரண்டு கட்டைக்கு நடுவே அரைக் கட்டையில் எடுத்துவிட்டால் சி ஆர்கனில் வழியில்லை, பேசாமல் ரசித்துவிட்டு அடுத்த பாட்டுக்குக் காத்திருங்கள். நோம்பி (திருவிழா) கூட்டத்தில் பறையும் உருமியும் முழங்கும்போது மைக் இல்லாமல் ஆர்கன் கேட்கவே கேட்காது. கேட்க வேண்டுமென்று பலமாக ஊதினால் ரீடு சுருதி இறங்கிவிடும்.

வாங்குவது பற்றி. சி-யோடு ஜி (5 கட்டை) ஒன்று, எஃப் (4 கட்டை) ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் மூன்று பொசிஷனை மட்டும் வைத்துக்கொண்டாலே 1, 2, 4, 5, 6 கட்டைகள் அத்தனையும் அடங்கிவிடும். 5 கட்டைக்கு மட்டும் மூன்று முகம் கிடைக்கும்: ஜி-யில் சங்கராபரணம், சி-யில் ஹரிகாம்போதி, எஃப்-பில் கரஹரப்ரியா. இரண்டில் ஒன்றுதான் இப்போது முடியும் என்றால் ஜி-யை வாங்குங்கள், ஆழமான குரல், பஜனைக்கு இதமாக இருக்கும். எஃப் கீச்சென்று இருக்கும், அது பிறகு ஆகட்டும். வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். சில மாடல்களில் ஸ்வரக்கூட்டு இனிமையாக வர வேண்டும் என்று 5 இழுவையும் 9 இழுவையும் கொஞ்சம் இறக்கியே சுருதி சேர்த்திருப்பார்கள். இரண்டாவது பொசிஷனில் அது கைசிகி நிஷாதமாக வருவதால் தேனாக இருக்கும். பன்னிரண்டாவதில் அதுவே ஸ, சுருதிப் பெட்டியோடு சண்டை போடும். கல்யாணி வாசிக்கப் போகிறீர்கள் என்றால் சம இடைவெளியில் சுருதி சேர்த்த மாடலாகக் கேட்டு வாங்குங்கள்.

மார்கழி பஜனையில் விடியற்காலை வாசிக்கும்போது 2 இழுவும் 3 இழுவும் அடைத்துக்கொள்கிறது என்றும் கேட்டிருந்தீர்கள். ஆர்கன் கெட்டுவிடவில்லை. குளிர்ந்த ரீடில் மூச்சின் ஈரம் படிந்து நிற்கிறது. வாசிப்பதற்குப் பத்து நிமிஷம் முன்பே சட்டைப்பையில் உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள் அல்லது உள்ளங்கைக்குள் பொத்திச் சூடேற்றுங்கள். வாசித்து முடித்ததும் துளைகள் கீழே பார்க்கும்படி உள்ளங்கையில் தட்டி, திறந்தபடி கொஞ்ச நேரம் உலரவிட்டுப் பிறகு பெட்டிக்குள் வையுங்கள். திருப்பூர்ப் பக்கம் போய் வாசிக்கிறவர்கள் வெறும் பையில் போட்டுக்கொண்டு போக வேண்டாம். பஞ்சுத் தூசி ஓர் இழை ரீடில் சிக்கினாலே அந்தத் துளை ஊமையாகிவிடும். அப்படி ஆனால் மேல் தகட்டைக் கழற்றி, ரீடு பொருத்தியிருக்கும் பக்கத்திலிருந்து நுனிப் பக்கமாக மட்டும் மெல்லிய பிரஷால் தள்ளி எடுங்கள். குறுக்காகத் தேய்த்தால் ரீடு வளைந்துவிடும்.